பத்துக் கிலோ பொம்மை

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகிற சாலையோரம் சிற்பப் பட்டறைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றை ஒட்டிய டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எனக்கு நிரந்தர இடம் உண்டு. நாற்காலி இல்லை, யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போன நந்தியின் பீடம். கூட உட்காருபவர் பக்கத்துப் பட்டறைச் சிற்பி. இமையெல்லாம் கல்தூசி படிந்திருக்கும். நான் செங்கல்பட்டுக்காரன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் அனிமேஷன் செய்து பிழைக்கிறேன். இருவருக்கும் உருவம் செய்வதே தொழில் என்பதால் பேச்சு நீளும்.

ஒரு நாள் அவர் கேட்டார்: “ஏன் தம்பி, நீ கம்ப்யூட்டர்ல யானையையே ஓட வுடுற ஆளு. முட்டுக்காட்டுல மரப்பொம்மை ஆடுறதப் பாத்துட்டு வந்து மூணு வாரமா அதையே பேசுறியே. அப்படி என்ன இருக்கு அதுல?”

பதில் சொல்ல இரண்டு டீ ஆயிற்று.

வாயால் சொன்னால் ஏறாது என்று, பட்டறைப் பையன் டீ வாங்கிப்போகிற தூக்குவாளியைக் காட்டி, “அண்ணே, அதைக் கொஞ்சம் எடுத்து இந்தப் பக்கம் வையுங்க” என்றேன். மூடியிருந்தது. டீ நிரம்பியிருக்கிறது என்று நினைத்து எடுத்தார். காலி. அவர் கை விசுக்கென்று தோள் உயரத்துக்குப் போய்விட்டது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“பாத்தீங்களா? தூக்குறதுக்கு முன்னாடியே உங்க கை கனத்தை முடிவு பண்ணிடுச்சு. தோள் ஒரு கணக்கு போட்டுது, இடுப்பு ஒரு கணக்கு போட்டுது. கணக்கு தப்புன உடனே கை பறந்துடுச்சு. எங்க கம்ப்யூட்டர் பொம்மைக்கு இந்தக் கணக்கு தெரியாது.”

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் நாங்கள் செய்கிற உருவம் வெறும் தோல். உள்ளே சதை இல்லை, காற்றுகூட இல்லை. அந்தத் தோலுக்குள் எலும்புக்கூடு மாதிரி ஓர் அமைப்பைப் பொருத்துவார்கள். ரிக் என்று பெயர். அதில் தோளுக்கு, முட்டிக்கு, விரலுக்கு, இமைக்கு என்று பிடிகள் இருக்கும். மவுஸால் பிடியை இழுத்து ஒரு நிலை வைக்கிறேன். பத்து ஃப்ரேம் தள்ளி இன்னொரு நிலை. நடுவில் இருப்பதைக் கம்ப்யூட்டர் நிரப்பிக்கொள்ளும். அது நிரப்புகிற விதம்தான் தலைவலி. வழவழவென்று, ஒரே சீராக, எண்ணெயில் மிதப்பதுபோல நிரப்பும். பஞ்சு மூட்டையும் இரும்பு மூட்டையும் அதற்கு ஒன்று. பஞ்சைப் பஞ்சாகவும் இரும்பை இரும்பாகவும் காட்ட வேண்டியது என் பாடு. அதாவது, இல்லாத கனத்தை இருப்பதாக நம்பவைக்க நொடிக்கு 24 பொய் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விளம்பரப் படத்துக்காக யானை ஒன்றை நடக்கவிட்டேன். கால் சரியான இடத்தில் விழுந்தது, காது ஆடியது, வால் ஆடியது. இயக்குநர் பார்த்துவிட்டு, “யானை நல்லாருக்கு, ஆனா யாரோ மேலேர்ந்து நூல்ல கட்டித் தொங்க விட்ட மாதிரி இருக்கே” என்றார். அன்று அது எனக்கு அவமானம். பிற்பாடு நூலில் தொங்குகிற பொம்மையை நிஜமாகவே பார்த்தபோதுதான் அவர் சொன்ன உவமை தப்பு என்று தெரிந்தது.

முட்டுக்காடு தட்சிணசித்ராவை இந்தப் பக்கத்து ஆட்கள் அறிவார்கள். தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி நிறுத்தியிருக்கும் இடம், 1996-இல் திறந்தார்கள். அங்கேதான் பொம்மலாட்டம் பார்த்தேன். கூட்டத்தில் இடம் கிடைக்காமல் ஓரமாகப் போய் நின்றதால், திரைக்குப் பின்னால் ஆட்டுகிறவரின் கழுத்து தெரிந்தது. பொம்மையைவிட்டு அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தின் விசேஷம் அங்கேதான். ராஜஸ்தானின் கட்புதலி பொம்மை சிறியது. கயிறு கையோடு இருக்கும். நம்முடையதில் பொம்மையின் கயிறுகள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். ஆட்டுகிறவர் அந்த வளையத்தைக் கிரீடம் மாதிரித் தலையில் வைத்துக்கொள்வார். பொம்மையின் கைகளுக்குக் கம்பி. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். ஆக, கயிறும் கம்பியும் சேர்ந்த கலவை. பொம்மை கல்யாண முருங்கை மாதிரி இலேசான மரத்தில் செய்தது என்றாலும், உடையும் நகையும் சேர்ந்து பெரிய பொம்மைகள் நாலரை அடி உயரம், பத்துக் கிலோ வரை வரும். இந்தியாவின் கயிற்றுப் பொம்மைகளிலேயே பெரியதும் கனமானதும் இதுதான் என்பார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கர்நாடக சங்கீதத்தோடும் சதிராட்டத்தின் அடவுகளோடும் ஆட்டுவார்கள். சேலம் பக்கம் தெருக்கூத்துப் பாணி. ஆட்டுகிறவரே காலில் சலங்கை கட்டிக்கொண்டு, பொம்மையின் அடிக்குத் தன் காலால் ஒலி கொடுப்பதும் உண்டு.

இப்போது அந்தக் கழுத்துக்கு வருகிறேன். பொம்மை திரும்பிப் பார்க்க வேண்டும். ஆட்டுகிறவர் கழுத்தைச் சாய்க்கிறார். வளையம் சாய்கிறது, கயிறு இறுகுகிறது, மரத்தலை ஒரு கணம் தயங்கி அப்புறம் திரும்புகிறது. திரும்பியதும் கொஞ்சம் கூடுதலாகப் போய், திரும்ப வந்து நிற்கிறது. அந்தத் தயக்கத்தையும் அந்தக் கூடுதலையும் உண்டாக்க நான் கம்ப்யூட்டரில் அரைநாள் உட்கார்ந்து வளைகோடுகளை நிமிண்டுவேன். தஞ்சாவூர் சாய்ந்தாடும் பொம்மையைத் தட்டிவிட்டால் பெரிதாக ஆடி, சிறிதாக ஆடி, அடங்குமே, அந்த மாதிரிக் கோடு. மரத்துக்கு அது இலவசம். கனம் இருக்கிறது, பூமி இழுக்கிறது, அவ்வளவுதான்.

“இலவசம்னு சொல்லாத தம்பி. அந்த ஆளு கழுத்த கேட்டுப் பாரு” என்றார் சிற்பி. சரிதான். பத்துக் கிலோவைத் தலையில் கட்டிக்கொண்டு இராமாயணம் நடத்துகிறவரின் கழுத்தெலும்புதான் அதற்கு விலை.

2014-இல் ‘கோச்சடையான்’ வந்தபோது மோஷன் கேப்சர் என்ற சொல் தமிழ்நாட்டு டீக்கடைகள் வரை வந்தது. நடிகர் ஒட்டிய உடை போட்டுக்கொண்டு நடிப்பார், உடல் முழுக்கப் புள்ளிகள், சுற்றிலும் கேமராக்கள். அவர் தலை சாய்த்தால் கம்ப்யூட்டர் உருவமும் தலை சாய்க்கும். யோசித்துப் பார்த்தால், இரும்பு வளையத்தைத் தலையில் வைத்த அன்றே இந்த ஏற்பாடு நம்மிடம் வந்துவிட்டது. மனித உடம்பின் அசைவு நேரடியாக இன்னொரு உருவத்துக்குப் போகிறது. ஒரே ஒரு வித்தியாசம்: கயிறு இரண்டு பக்கமும் இழுக்கும். ஆட்டுகிறவர் பொம்மையை இழுக்கிறபோது பொம்மையும் அவரை இழுக்கிறது. பொம்மை வேகமாகச் சுழன்றால் அவர் பாதத்தை அழுத்தி ஊன்றியாக வேண்டும். அந்த இழுபறியைப் பார்க்கிற நாம் உயிர் என்கிறோம். என் மவுஸ் யானையையும் எறும்பையும் ஒரே கனத்தில்தான் நகர்த்துகிறது. அது என்னைத் திருப்பி இழுப்பதில்லை.

இந்த இடத்தில் வள்ளுவரோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு. குறளில் மரப்பாவை இரண்டு இடத்தில் வருகிறது, நாணுடைமையில் ஒன்று, இரவு அதிகாரத்தில் ஒன்று. இரண்டிலும் அது உயிரில்லாததற்கு உவமை. வெட்கமில்லாதவனின் நடமாட்டம் கயிற்றால் ஆடும் மரப்பாவை போல என்கிறார். ஆனால் அந்த உவமை நிற்க வேண்டுமென்றால், பார்த்தவர்கள் உயிர் என்று ஏமாறும் அளவுக்குப் பாவை ஆடியிருக்க வேண்டும். திட்டுவதுபோல ஒரு பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

தோல்பாவைக்கூத்தில் கனம் கிடையாது. ஆட்டுத்தோலில் செய்த மெல்லிய பாவை. அங்கே வேறு வித்தை. பாவையைத் திரையோடு ஒட்டினால் நிழல் கூர்மை. விளக்குப் பக்கமாக இழுத்தால் பெரிதாகி மங்கும். கேமராக்காரர்கள் ஃபோகஸ் என்று எதைச் சொல்கிறார்களோ அதை ஒரு விளக்கும் வேட்டியும் வைத்து முடித்துவிட்டார்கள். வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தார் தெற்கே குமரி, மதுரைப் பக்கங்களில் இதை வழிவழியாக நடத்தி வந்தவர்கள். ஒரே ஆள் அத்தனை குரலும் பேசுவார், சண்டைக்கு அடிப்பலகையைக் காலால் உதைப்பார். முடிசூடிய ராமனுக்கு ஒரு பாவை, மரவுரி ராமனுக்கு இன்னொரு பாவை. இதேபோல நிழலுருவங்களைக் கத்தரித்து, அசைத்து அசைத்துப் படமெடுத்து, ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் 1926-இல் ‘இளவரசன் அக்மது’ கதையை முழுநீளப் படமாக்கினார். இன்று கைக்குக் கிடைக்கிற முழுநீள அனிமேஷன் படங்களில் மூத்தது அதுதான்.

“அசைச்சு அசைச்சு படம் எடுக்கறதுன்னா?” இரண்டாவது டீ வந்தது.

அதற்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். அது பொம்மலாட்டத்துக்குத் தம்பி என்று பலர் நினைப்பார்கள். எனக்கு அது நேர் எதிர்வீட்டுக்காரர். பொம்மலாட்டக்காரர் நேரத்துக்குள் இருக்கிறார். பாட்டு ஓடுகிறது, சபை உட்கார்ந்திருக்கிறது, தப்பானால் தப்புதான். ஸ்டாப் மோஷன்காரருக்கு நேரமே ஓடுவதில்லை. பொம்மையின் கையை ஒரு மயிரிழை நகர்த்துகிறார், விலகுகிறார், ஒரு படம் எடுக்கிறார். திரும்ப வந்து இன்னொரு மயிரிழை. சினிமாவில் நொடிக்கு 24 படம். ஒரே நிலையை இரண்டு முறை பிடித்துப் பாதியாகக் குறைத்தாலும் நொடிக்குப் 12 நிலை, நிமிடத்துக்கு 720.

நம் ஊரில் இதன் பொறி பால்கேயிடம் இருக்கிறது. 1913-இல் வெளிவந்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வை எடுப்பதற்கு முன், பணம் போடுகிறவர்களை நம்பவைக்க ஒரு தொட்டியில் பட்டாணி விதைத்து, அது முளைத்து வளர்வதை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படமெடுத்துக் காட்டினார். செடி தானே வளர்ந்தது; அவர் காத்திருந்தார். பொம்மை என்றால் ‘வளர்வதும்’ நம் கையால்தான்.

1933-இன் ‘கிங் காங்’ படத்தில் வில்லிஸ் ஓ’பிரையன் அசைத்த குரங்கு உண்மையில் 18 அங்குலம். உள்ளே உலோக எலும்புக்கூடு, மேலே முயல் ரோமம். ஒவ்வொரு முறை தொடும்போதும் விரல் பட்டு ரோமம் கலைந்தது. ஓடவிட்டுப் பார்த்தால் குரங்கின் முடி காற்றில் சிலிர்ப்பதுபோல நெளிகிறது. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது அதுதான். திரையில் தெரிவது குரங்கின் கோபம் என்றால் அதற்குள் ஓ’பிரையனின் விரல் இருக்கிறது.

அவரிடம் தொழில் கற்ற ரே ஹாரிஹவுசன் 1963-இல் ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்’ படத்தில் ஏழு எலும்புக்கூடுகளை மூன்று மனிதர்களோடு வாள்சண்டை போடவிட்டார். சில நிமிடச் சண்டைக்கு நாலரை மாதம். ஒரு கூட்டுக்குத் தலை, இரண்டு கை, இரண்டு கால் என்று ஐந்து அசைவு வைத்துக்கொண்டால், ஏழுக்கு 35. ஒரு ஃப்ரேமுக்கு 35 என்றால் ஒரு நொடிக்கு 840. எந்தக் கை மேலே போய்க்கொண்டிருந்தது, எந்தக் கால் இறங்கிக்கொண்டிருந்தது என்பதை அத்தனைக்கும் மனதில் வைத்திருக்க வேண்டும். இன்றைக்கு முந்தைய படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே அசைக்கலாம். அன்று ஃபிலிம் கழுவி வந்தால்தான் தெரியும். நடுவில் டெலிபோன் மணி அடித்தால் எத்தனை போச்சோ!

“தப்பாயிட்டா?”

“தப்பாயிட்டா முதல்லேர்ந்து. நடுவுல ஒட்டுப் போட முடியாது. எங்ககிட்ட ‘அன்டூ’ன்னு ஒரு பட்டன் இருக்கு, தப்பு பண்ணினதையே பண்ணாத மாதிரி ஆக்கிடும். அவங்களுக்கு அது இல்ல.”

சிற்பி சிரித்துவிட்டார். “அத மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு டீல முடிஞ்சிருக்கும். மூக்குகிட்ட வரும்போது உளிய எப்படிப் புடிப்போம் தெரியுமா? மூச்ச அடக்கிக்கிட்டு. மூக்கு போச்சுன்னா செல போச்சு.”

களிமண் என்றால் இன்னும் சுவாரசியம். இங்கிலாந்தின் ஆர்ட்மன் ஸ்டுடியோவில் வாலஸ்-குரோமிட் கதைகளை மாவுபோன்ற ஒருவகைக் களிமண்ணில் எடுக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் வாலஸின் கன்னத்தில் யாருடைய கட்டைவிரல் ரேகையோ தெரியும். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்தவனுக்குக் களிமண் உருவம் புதிதா என்ன? திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் கடைசி நாள் படுகளம். துரியோதனனை ஆள் நீளத்துக்குப் பல மடங்காகக் களிமண்ணில் மல்லாக்கக் கிடத்தியிருப்பார்கள். அது அசையவே அசையாது. கூத்துக்காரர்கள் அதைச் சுற்றியும் அதன் மேலும் சண்டையிடுவார்கள். பீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தல் முடிவாள். அந்த நேரத்தில் சின்ன வயதில் நான் அந்த மண்மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்றுதான் இன்றும் சொல்வேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. 1993-இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்துக்கு டைனோசர்களை ஸ்டாப் மோஷனிலேயே செய்வதாக இருந்தது. பொறுப்பு ஃபில் டிப்பட் என்பவரிடம். அந்தக் கலையில் அன்று அவருக்கு மிஞ்சிய ஆள் இல்லை. அதற்குள் கம்ப்யூட்டர்க்காரர்கள் ஓடுகிற டைனோசர் ஒன்றைச் செய்து காட்ட, இயக்குநர் ஸ்பீல்பெர்க் மனம் மாறிவிட்டார். தானும் டைனோசரைப்போல அழிந்த இனமாகிவிட்டதாக டிப்பட் நொந்துகொண்டார். ஸ்பீல்பெர்க் அதையே படத்தில் வசனமாக வைத்தார். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு மிருகம் நடக்கிற விதம் தெரியவில்லை. மிருகம் தெரிந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியவில்லை. அதனால் ஓர் உலோக டைனோசர் எலும்புக்கூடு செய்து, மூட்டுக்கு மூட்டு சென்சார் வைத்தார்கள். ஸ்டாப் மோஷன்காரர்கள் வழக்கம்போலப் பொம்மையைக் கையால் அசைத்தார்கள். கம்ப்யூட்டருக்குள் டைனோசர் அசைந்தது. டிப்பட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. கம்ப்யூட்டர் தன் முதல் பெரிய மிருகத்தை நடக்கவைக்க ஒரு பொம்மையைக் கடன் வாங்கியது என்பதை எங்கள் துறையில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வேன். டிப்பட் சும்மா இருக்கவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக விட்டுவிட்டு உழைத்து ‘மேட் காட்’ என்ற ஸ்டாப் மோஷன் படத்தை 2021-இல் முடித்தார்.

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. 2014-இன் ‘தி லெகோ மூவி’ ஏறக்குறைய முழுக்கக் கம்ப்யூட்டர் படம். ஆனால் கட்டைகள் மீது விரல்ரேகையும் கீறலும் வைத்து, அசைவை வேண்டுமென்றே வெட்டி வெட்டி, கையால் செய்ததுபோலக் காட்டினார்கள். 2018-இன் ஸ்பைடர்மேன் அனிமேஷன் படமும் பல இடங்களில் நொடிக்குப் 12 நிலையில்தான் ஓடுகிறது. புதுச்சுவரில் காரையைப் பெயர்த்துப் பழைய வீடு என்று காட்டுவது மாதிரி இருக்கிறதே என்று முதலில் எரிச்சல்பட்டேன். படம் பார்த்தபின் எரிச்சல் போய்விட்டது. நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

வேலையை விட்டுவிட்டுப் பொம்மை ஆட்டப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடலும் கூட்டமும் காற்றில் பறக்கிற கூந்தலும் கம்ப்யூட்டரில்தான் கைகூடும். வீட்டுக் கடனும் அதில்தான் அடைகிறது. மாறியது ஒன்றுதான். ஓர் உருவம் எதையாவது தூக்க வேண்டுமென்றால் இப்போது மவுஸைத் தொடுவதற்கு முன் அந்தக் கனத்தை நானே தூக்கிப் பார்க்கிறேன். என் மேசைக்கடியில் மணல் நிரப்பிய அரிசிப்பை ஒன்று கிடக்கிறது. கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு சிற்பி கிளாசைக் கீழே வைத்தார். “உன் பாடு கனம் இல்லன்னு. எம் பாடு நேர் எதிர், தம்பி. கல்லுல கனத்தத் தவிர வேற ஒண்ணுமே கெடையாது. அதப் பறக்க வுடணும். அர்ச்சுனன் தபசுல மேல பாரு, எத்தன பேரு கால மடக்கிக்கிட்டுப் பறக்கறான். அப்புறம் லைட் ஹவுஸ்கிட்ட குகைக்குப் போயி எருமத்தலையனப் பாரு. கனம் எந்தக் கால்ல எறங்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு.”

இருட்டுவதற்குள் ஏறிப் போனேன். மகிஷாசுரமர்த்தினி குகையில் எட்டுக் கை துர்க்கை சிங்கத்தின் மேல் வில்லை வளைத்து முன்னால் வருகிறாள். எருமைத்தலை அசுரன் இரண்டு கையாலும் கதையைப் பிடித்தபடி பின்னால் சாய்கிறான். இன்னும் தோற்கவில்லை, ஆனால் உடம்பு பின்வாங்க முடிவெடுத்துவிட்டது, தூக்குவாளியை எடுக்கும் முன்பே கை முடிவெடுத்த மாதிரி. எங்கள் தொழிலில் இதைக் கீ போஸ் என்போம்: முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கும் என்று இரண்டையும் சொல்கிற ஒரே நிலை. ஏழாம் நூற்றாண்டில், அன்டூ இல்லாமல், ஒரே பாறையில் வைத்திருக்கிறார்கள். எதிர்ச்சுவரில் பெருமாள் பாம்பணையில் அசையாமல் படுத்திருக்கிறார்.

நீங்களும் ஒரு முறை பொம்மலாட்டம் பாருங்கள். கதையை ஒரு தரம், ஓரமாக நின்று அந்தக் கழுத்தை ஒரு தரம். குழுக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. கூப்பிட்டு ஆடவைக்க ஆள் இருந்தால் இன்னும் வருவார்கள். பள்ளி ஆண்டுவிழாவுக்கோ கோயில் திருவிழாவுக்கோ பாட்டுக் கச்சேரி பேசுகிறவர்கள் ஒரு வருடம் இவர்களையும் கூப்பிடலாம். முட்டுக்காட்டுக்குப் போவதென்றால் ஆட்டம் என்றைக்கு என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை.